நாய்க்கு வைத்த முதல் கவளம்

எண்பதுகளின் தொடக்கத்தில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு எட்டு ஏறினால் நெஞ்சு தவில் வாசிக்கும். முகமெல்லாம் வெளிறிவிட்டது.

யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள்! சந்தேகம் நேராகச் சமையல்காரர் மேல் போனது. தேவாரம் ஊர்க்காரர். அவர் சாம்பாரில் மீன் விட்டு வளர்க்கலாம் என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்திருந்தேன். அதற்குப் பிறகுதானே இந்தக் கதி? அவர் சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். முதல் கவளத்தைத் தோட்டத்து நாய்க்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். நாய் கொழுத்தது, நான் இளைத்தேன். அப்போதும் புத்தி வரவில்லை. நாயும் அவருக்குக் கூட்டு என்று நினைத்தேன்.

கடைசியில் முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"மொதல்ல போடியில டாக்டரப் பாரு. தீப்பெட்டியில மலம் எடுத்துட்டுப் போ. மருந்துன்னு தெரிஞ்சா, அவன அன்னைக்கே அனுப்பிர்றேன்" என்றார். நாலு பிள்ளைகளுக்குத் தகப்பனான சமையல்காரரின் பிழைப்பு என் தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

ஜீப்பு வரை நடக்க எனக்குத் தெம்பில்லை. தாங்கிப் பிடித்து, கூடவே வந்தவர் அதே சமையல்காரர்தான். பையும் அவர் கையில்.

பாதி வழியில் டிரைவர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு, "அண்ணே, பையில தீப்பெட்டி தெரியுதே, கொண்டாங்க" என்றார்.

"குச்சியெல்லாம் நமுத்துப் போச்சுப்பா" என்றார் சமையல்காரர், முகம் மாறாமல்.

பரிசோதித்த டாக்டர், "கொக்கிப்புழு. செருப்பு போடுறதில்லையா?" என்றார்.

செருப்புப் போட்டால் அடியில் அட்டை ஒளிந்துகொள்ளும், வெறுங்காலென்றால் ஏறும்போதே பிடுங்கிவிடலாம். தோட்டத்தில் எங்கள் சாமர்த்தியம் அது. வெளிக்குப் போவதும் அதே ஏலச்செடி மறைவில்தான். அந்த ஈரமண்ணிலிருந்து புழு பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் உட்கார்ந்து ரத்தம் குடித்திருக்கிறது. விரலிடுக்கு அரித்தபோது சேற்றுப்புண் என்று சுகமாகச் சொறிந்துகொண்டிருந்தேன்!

வெளியே வந்ததும் சமையல்காரர் கேட்டார்: "ஏந்தம்பி, ஒன் ரத்தத்தக் குடிச்சது நா இல்லேல்ல?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. செருப்புப் போட்டிருந்த அவர் காலைத்தான் என்னால் பார்க்க முடிந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே. மொதலாளிகிட்ட நானே சொல்லிர்றேன்."

"அது கெடக்கு. நாய்க்கு வைக்கிறத மட்டும் நிறுத்திறாத. பாவம், பழகிருச்சு."

மாத்திரையில் புழு போய்விட்டது, வெட்கம் போகவில்லை. இன்றைக்கும் யார் மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.