மூன்றாம் தரம் கேட்டால்

“பேர் கிருபாகரன். ஓம், ஹக்காத் தேர்வுதான். நான்தான் எழுதப்போறன்.”

பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தேர்வறை வாசலில் பெயர் கூப்பிடுகிறவர்கள் முதலில் பழகவேண்டியது, வியப்பை முகத்தில் காட்டாமல் இருப்பது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் வந்தார்

ஹக்கா, சீனர்களில் ஒரு பிரிவினரின் மொழி. அவர்கள் பிள்ளைகளே அதைப் பேசுவதில்லை என்று, ஆசை காட்டிப் படிக்கவைக்க லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு வாடகை மண்டபத்தில் வருடம் இருமுறை தேர்வு நடத்துகிறார்கள். பத்துப் பேர் வந்தால் அன்று திருவிழா. நான் மலேசியாவின் ஈப்போவில் ஹக்காக்காரர் தெருவில் வளர்ந்தவள். அதனால் வாசல் வேலை எனக்கு.

கிருபாகரன் அப்டன் பார்க்கில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். மகன் கட்டப்போவது ஹக்காப் பெண். பெண்ணின் தாய்க்கு ஆங்கிலம் வராது. “கலியாணத்தில சம்பந்தி முன்னால நான் தலையாட்டிக்கொண்டு நிக்க ஏலாது, தங்கச்சி. பாஸ் பண்ணினாத்தான் வாய் திறக்கத் துணிவு வரும்.”

தேநீர்

எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் லாய் அம்மையார் வீட்டுக்காரியாக நடிப்பார், தேர்வு எழுதுபவர் விருந்தாளி. அவர் “தேநீர் குடியுங்கள்” என்பார். வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேச வேண்டும். இவர் சுத்தமான ஹக்காவில், “வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்” என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. தேர்வும்தான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி வேண்டாம் என்றார். இம்முறை “சிரமப்படாதீர்கள்” என்பதையும் கற்றுவந்திருந்தார். மறுபடி தோல்வி.

“ஏன் அண்ணே வேணாம்னீங்க?” என்று நடையில் பிடித்துக் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஒருக்காக் கேட்ட உடனே வாங்கிக் குடிக்கிறதோ? என்னைப் பற்றி என்ன நினைப்பினம்?”

திருத்தம்

லாய் அம்மையாரிடம் இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று முறை கேட்காத வீட்டில் தன் அப்பாவும் தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்றார். அடுத்த தேர்வுக்கு வினாத்தாளில், வீட்டுக்காரி மூன்று முறை கேட்கலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. மேசைக்கு நிஜமாகவே ஒரு தேநீர்க் குடுவையும் வந்தது.

அவர் மூன்றாவது தடவை வந்தபோது கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. முதல் முறை மறுத்தார். இரண்டாம் முறை மறுத்துவிட்டு, அம்மையாரின் முழங்கால்வலியை விசாரித்தார். மூன்றாம் முறை இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு மகனின் வேலை, மருமகளின் சமையல், கடை வாடகை, லண்டன் மழை. மணி அடித்தும் நிறுத்தவில்லை. நான் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தேன். அம்மையார் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “பாஸ் போட்டுவிட்டேன். இனி இவரை நாற்காலியிலிருந்து எப்படி எழுப்புவது?”

வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நிமிடம் போதும் என்று விதி எழுதியவர் வீட்டுக்கு யாழ்ப்பாணத்து விருந்தாளி வந்ததே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தபடி, அடுத்த பெயரைக் கூப்பிடாமல் கெட்டிலில் மறுபடி தண்ணீர் வைத்தேன்.