சம்பந்திக்கு வைத்த சுரைக்காய்க் கூட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்தாளிகளைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, பாத்திரம் எல்லாம் கழுவி வைத்த பிறகு, நானும் என் மனைவியும் சாப்பிட உட்கார்ந்தோம். கூட்டை முதலில் எடுத்து ஒரு வாய் வைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

கசப்பு!

பாகற்காய்க் கசப்பு வேறு. அது நாக்கோடு போய்விடும். இது தொண்டைக்குள் இறங்கி, அங்கிருந்து காது வரைக்கும் ஏறியது.

"இதக் கொஞ்சம் நாக்குல வச்சுப் பாரு" என்றேன். மனைவி ஒரு விரலால் தொட்டு வைத்தாள். எழுந்து ஓடினாள். கொல்லையில் துப்பிவிட்டு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அவிய ரெண்டு பேரும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாவளே!"

'அவிய' என்றால் எங்கள் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அவளோடும் மாப்பிள்ளையோடும் முதல் தடவையாக எங்கள் வீட்டில் தங்க வந்தவர்கள்.

இந்தக் கோடையை நான் எவ்வளவு நிம்மதியாகக் கழித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஏரல் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றித் தருவேன். இரண்டு மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மச்சினன் சொன்னான். விட்டால் போதும் என்று வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். கத்தரி, வெண்டை, சீனி அவரைக்காய். காலையில் தண்ணீர் விடுவது, பூச்சி பார்ப்பது, வெயில் ஏறினால் முருங்கை நிழலில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பது. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? செடி நம்மிடம் பதில் கேட்காது.

அந்தச் சுரைக்கொடி நான் வைத்தது இல்லை. குப்பைக்குழி ஓரத்தில் தானாக முளைத்தது. பிடுங்கிப் போட மனம் வரவில்லை. கயிறு கட்டி விட்டேன். குளியலறைக் கூரை மேல் ஏறிப் படர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோய், மற்ற செடி எல்லாம் வாடியபோதும் அது மட்டும் காய்த்தது. எவ்வளவு பெருமை எனக்கு! முதல் காயை நாங்கள் தொடவில்லை. சம்பந்தி வரட்டும் என்று விட்டு வைத்திருந்தோம்.

சம்பந்தி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவர் எதிரில் எனக்கு நாற்காலியில் முழுதாக உட்கார வராது. நுனியில்தான் உட்காருவேன். ஆனால் அவர் அப்படி எல்லாம் பார்க்கிற மனிதர் இல்லை. வந்த அன்றைக்கே ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப் போகச் சொன்னார். முதுமக்கள் தாழிகளைக் குனிந்து குனிந்து பார்த்தார். "ஒரு ஆளையே உள்ள வச்சுப் பொதைச்சிருக்கான் பாருங்க சம்பந்தி" என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

மறுநாள் சம்பந்தியம்மாவே கொடியில் இருந்து அந்தக் காயை அறுத்தார். என் மனைவி கூட்டு வைத்தாள்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று சமைத்தால் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். எச்சில் ஆகிவிடும். உப்பைக்கூட ஆவியை மோந்தே கண்டுபிடித்துவிடுவாள் என் மனைவி. விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் சாப்பிடுவோம். எல்லாம் மரியாதைதான்... ஆனால் அந்த மரியாதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. காய் கசந்தால் அதை முதலில் தெரிந்துகொள்வது விருந்தாளி!

அன்றைக்கு மகள் அவசரமாகத் தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டாள். மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே சுரைக்காய் ஆகாது. பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பிட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். நம் வீட்டுக் காய் அல்லவா? ஒவ்வொரு வாய்க்கும் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாப்பிட்ட கையோடு நால்வரும் மணப்பாடு கடற்கரைக்குக் கிளம்பிப் போனார்கள்.

கசந்த சுரைக்காயைச் சாப்பிட்டு ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பது போல ஒரு வீடியோ முன்பு வாட்ஸ்அப்பில் வந்தது. எவனோ கிளப்பிவிட்ட கதை என்று தள்ளிவிட்டேன். இப்போது அந்த வீடியோ முழுதும் கண்ணுக்குள் ஓடியது. சம்பந்திக்கு பிரஷர் உண்டு. சம்பந்தியம்மா ஏற்கெனவே கோழிக்குஞ்சு மாதிரி இருப்பார்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறார். மகளுக்குப் போட்டேன். மணி அடித்தது... எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேலேயே! சார்ஜில் போட்டு மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மிச்சம் சம்பந்தி நம்பர். அதில் நானாக ஒரு தடவைகூடப் பேசியது கிடையாது. என்னவென்று சொல்வது? 'சம்பந்தி, நாங்கள் உங்களுக்கு விஷம் வைத்துவிட்டோம்' என்றா? ஒன்றும் இல்லாமல் போனால் இருக்கிற மரியாதையும் போகும். என் மகள் அந்த வீட்டில் வாழ வேண்டும். சொல்லாமல் விட்டு, வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? எனக்கு ஆதிச்சநல்லூர்த் தாழி ஞாபகம் வந்தது.

"என்ன யோசிச்சிக்கிட்டு நிக்கீய? போடுங்க!" என்று மனைவி கத்தினாள்.

போட்டேன்.

"சொல்லுங்க சம்பந்தி!" என்றார். குரல் கலகலப்பாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல சம்பந்தி... சாப்பாடு... சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

"அருமை! அதுலயும் அந்தக் கூட்டு இருக்கே... பிரமாதம்!"

"கசக்கலையா சம்பந்தி?"

"சேச்சே! யாரு சொன்னா? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

ஒரு வாய்க்கே என் தொண்டை எரிகிறது. இவர் பிரமாதம் என்கிறார்! மனைவி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணாச்சி, நாங்க இப்பத்தான் வாயில வச்சோம். வெசமாக் கசக்கு. மரியாதைய எல்லாம் தூக்கி அங்கன போடுங்க. கசந்துச்சா, இல்லையா?"

சம்பந்தியின் குரல் மெதுவாக வந்தது.

"லேசா... கசந்த மாதிரிதான் இருந்துச்சு."

"மதினி எப்படி இருக்காவ?"

"அவளுக்குக் கொஞ்சம் கொமட்டுது. கார்ல வாரதுல்லா, அதனாலன்னு நெனச்சோம். எனக்கும் வயித்தப் பெரட்டுது..."

"காரத் திருப்பச் சொல்லுங்க! நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. கசந்த சுரைக்கான்னு வாயத் தெறந்து சொல்லுங்க. சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லாதீய!"

அப்போது அவர்கள் திருச்செந்தூரைத் தாண்டியிருந்தார்கள். திரும்பி அந்த ஊருக்குள் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் மனைவியும் மொபெட்டில் குரும்பூர் வழியாகக் கிளம்பினோம். பின்னால் மனைவி சாமி பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுநடுவே, "குப்பையில மொளைச்சத எவனாவது கயிறு கட்டி வளப்பானா?" என்று எனக்கும் ஒன்று விழுந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டு டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். சம்பந்தியம்மா நிறுத்தாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சம்பந்திக்கு பிரஷர் தடதடவென்று இறங்கிவிட்டதாம். நேற்று தாழியைக் குனிந்து பார்த்த மனிதர் கண்ணைத் திறக்கவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டதே பெரிய விஷயம்.

டாக்டர் பெண் பிள்ளை. எங்கள் மகள் வயதுதான் இருக்கும். "சில சுரைக்காய் இப்படி விஷமாப் போயிடும். சமைச்சாலும் போகாது. கசந்தா உடனே துப்பிடணும்" என்றவர், ஒரு கேள்வி கேட்டார். "சாப்பிடும்போதே கசந்திருக்குமே... ஏன் சாப்பிட்டாங்க?"

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். இதை அந்தப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

"இன்னிக்கு முழுக்கப் பாக்கணும். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது'... இந்த ஒரு வரியை டாக்டர்கள் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள்! வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிரிப்ஸ் பாட்டில் மாற்ற நர்ஸ் உள்ளே போகும்போதெல்லாம் எழுந்து நின்றேன். நிற்பதால் என்ன ஆகப்போகிறது? ஆனால் உட்கார முடியவில்லை.

மறுநாள் காலையில் சம்பந்தி கண்ணைத் திறந்தார். பிரஷர் நிலைக்கு வந்துவிட்டது என்றார்கள். சம்பந்தியம்மாவுக்கும் வாந்தி நின்றிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு சம்பந்தி."

"பெறவு ஏன் சாப்பிட்டீய?"

"நீங்க பக்கத்துலயே நின்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீயல்லா! பச்சப்புள்ள மாதிரி. எப்படித் துப்ப?"

அடுத்த கட்டிலில் இருந்து சம்பந்தியம்மா தலையைத் தூக்கினார். "நானும் அவுக மூஞ்சியப் பாத்தேன். அவுக சாப்பிடுதாக... சரி, நமக்குத்தான் நாக்குல என்னமோ கோளாறுன்னு நெனச்சேன்."

"அப்ப ரெண்டாவது தடவ எதுக்கு மதினி வாங்குனீய?" என்றாள் என் மனைவி.

"மொதல்ல வச்சதக் கஷ்டப்பட்டு முழுங்குனது தெரிஞ்சிரக் கூடாதுல்லா!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. என் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார்.

இரண்டு பேர் உயிரும் எதில் தொங்கிக்கொண்டிருந்தது பாருங்கள்! வைத்தவர் மனசு நோகக் கூடாது என்று ஒருவர். அவரே சாப்பிடுகிறாரே என்று தன் நாக்கையே நம்பாமல் இன்னொருவர். நடுவில் உண்மையைச் சொல்ல ஆளே இல்லை. அன்பு இல்லாமல் இல்லை. இருந்த அன்பெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சம்பந்தி இருவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்தது. மனைவி கஞ்சி வைத்தாள். அவர்கள் எதிரிலேயே முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். பிறகுதான் அவர்களுக்கு ஊற்றினாள்.

சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார். நான் எழுந்தே விட்டேன்.

"மதினி, உப்புப் பத்தாது."

என் மனைவி உப்பு டப்பாவை எடுக்க ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நகை எடுத்துக் கொடுத்தால்கூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

அதிலிருந்து அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் வீட்டில் உண்மை ஒன்றுதான். காபியில் சீனி தூக்கல். மின்விசிறியில் சத்தம். நான் ஏன் நாற்காலி நுனியில் உட்காருகிறேன்... எல்லாவற்றையும் சம்பந்தி வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் மறுபடியும் வருகிறார்களாம். நான் இப்போதே நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன்!