கட்டாத மூன்றாவது பொட்டலம்

நல்லூரில் எங்கள் வீட்டுச் சுவர்கள் கூரையில்லாமல் ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தன. மாமனார் தன் காட்டில் ஒரு துண்டை விற்று வாங்கிய இடம் அது. நிலை வைத்து, சுவர் ஜன்னலுக்கு மேலே எழும்பியதும் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது. நாங்கள் அப்போது ராயபுரத்தில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வீட்டுக்காரரும் மகளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சுவர்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம். மகளுக்கு மூன்று வயது. தலைக்கு மேலே வானம் தெரிவதுதான் எங்கள் வீட்டின் அழகு என்று அவள் நினைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் பருத்தியில் கொட்டை எடுக்கும் ஒரு ஜின்னிங் பாக்டரியில் கணக்கு எழுதினார். பருத்தி வரும் மாதங்களில் முழுச் சம்பளம், வராத மாதங்களில் பாதி. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். எங்கே கடன் வாங்குவது, எப்படி வாங்குவது என்று விசாரித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது சரியில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது. "படிச்ச புள்ள, அது சொன்னாச் சரியா இருக்கும்" என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைக் கேட்பதற்காகவே நான் அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் நன்மை. மறுபக்கத்துக்குத் தீமை என்று எழுதப் போய், பயம் என்று எழுதிவிட்டேன். அதை அடிக்கவில்லை.

முதல் வழி அடமானம். பஞ்சு வியாபாரி ஒருவர் கொடுக்கத் தயாராக இருந்தார். வீடு நம் கையிலேயே இருக்கும், மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறும், கடைசியில் கோர்ட்டு. இரண்டாவது வழி போக்கியம். மாமனாருக்குப் பங்காளி முறையில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் இருந்தார். கூரைக்கு வேண்டிய பணத்தை மொத்தமாக அவர் தருவார். அதற்குப் பதிலாக முன்பக்கத்து இரண்டு அறைகளும் ஐந்து வருஷத்துக்கு அவர் அனுபவத்தில் இருக்கும். நாம் வட்டி தர வேண்டியதில்லை, அவர் வாடகை தர வேண்டியதில்லை. ஐந்து வருஷம் கழித்து வாங்கிய பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தால் அறைகள் நமக்கு வந்துவிடும். மூன்றாவது, கூட்டுறவு வீடு கட்டும் சங்கம். பத்திரம் அவர்களிடம் இருக்கும். பதினைந்து வருஷத் தவணை. வட்டி குறைவு. கட்டும் தவணையில் முதலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆனால் பருத்தி வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் தவணை கட்டியாக வேண்டும்.

சங்கத்துக்கு நானே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். மனு பாரத்தைக் கையில் கொடுத்து, "இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாருன்னா ரெண்டு மாசத்துல கெடச்சுருமுங்க அம்மிணி" என்றார்.

நோட்டில் அந்தப் பக்கத்தில்தான் நன்மை அதிகமாக இருந்தது. பயத்தின் பக்கத்தில் ஒரே ஒரு வரி: தவணை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பத்து வயதில் அப்பா கிணறு வெட்டத் தவணைக் கடன் வாங்கியிருந்தார். இரண்டு வருஷம் மழையில்லை. ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது எங்கள் வீட்டு வாசலில் தமுக்கு அடித்து, கடன் பாக்கிக்காக அப்பாவின் பெயரையும் அவருடைய அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு வந்த பிள்ளைகள் நின்று கேட்டார்கள். நானும் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி அவர்களோடு நின்று கேட்டேன்.

நோட்டை மாமனாரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, மலைக்குப் போயிப் பூக் கேட்டுறலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி மலைமேல் முருகன் சந்நிதியில் வைப்பார்கள். குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு.

"மூணு இருக்குதுங்களே மாமா" என்றேன்.

"சாமிகிட்ட வெள்ளையா செவப்பான்னுதான் கேக்க முடியும். அதுக்கென்ன, உன்னாட்டம் நோட்டுல கோடு போட்டா வெச்சிருக்குது? ரெண்டா ஆக்கிட்டு வா கண்ணு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்றை இரண்டாக்கும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி மாட்டும்போது, "சங்கத்துல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஆறு மாசம் ஆகுமாமுங்க" என்றேன்.

"ஆறு மாசமா? அதுக்குள்ள அடுத்த மழை வந்துருமே. சரி, உடு."

அவ்வளவுதான். பாரத்தை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். பொய் சொன்னேன் என்று அப்போது தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர்கள் சொன்ன நாளில் வருவார்களா, இரண்டு மாதம் என்றால் ஆறாகாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் அரளிப்பூ வாங்கி, வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம் கட்டினேன். போக்கியத்துக்கு வெள்ளை, அடமானத்துக்குச் சிவப்பு. பூசாரி இரண்டையும் சாமி காலடியில் வைத்தார். மகள் எதற்கென்று புரியாமல், கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தாள். வெள்ளை. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எஞ்சாமி, ஊட்டக் குடுத்துட்டியே" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். சாமி என்று முருகனைச் சொன்னாரா, பேத்தியைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

போக்கியப் பத்திரத்தை எழுதியவர் வாசித்ததும், நான் தனியாக இன்னொரு தடவை வாங்கிப் படித்தேன். நான்கு எல்லைகள் சரியா, வருஷம் சரியா, பின்பக்கத்துக் கிணற்றில் எங்களுக்குப் பாத்தியம் எழுதியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்தேன். "அம்மிணி வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்" என்று பனியன் கம்பெனிக்காரர் கேலி செய்தார். முன் அறைகளில் அவர் என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. குடியிருப்பார், இல்லாவிட்டால் சரக்கு அடுக்கி வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடு வேய்ந்து, பால் காய்ச்சிக் குடிபோனோம். ஒன்றரை மாதம் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு மாட்டு வண்டியில் பின்னல் மிஷின்கள் வந்தன. முதலில் இரண்டு, தீபாவளிக்கு முன்னால் இன்னும் இரண்டு. காலை ஏழு மணிக்கு மோட்டார் போட்டால் அடுப்படியில் டம்ளர் அதிரும். அதுகூடப் பழகிவிட்டது. பஞ்சு பழகவில்லை. நூலிலிருந்து பறக்கும் மெல்லிய பஞ்சு கதவிடுக்கு வழியாக வந்து சோற்றிலும் துணியிலும் சாமி படத்திலும் படிந்தது. தினமும் மூன்று தடவை பெருக்கினேன். மகளின் புருவத்தில்கூட ஒட்டியிருக்கும்.

அடுத்த வருஷம் அவளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. மார்புக்கூடு உள்ளே போய் வரும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "பஞ்சு இல்லாத எடமாப் பார்த்து வைங்கம்மா" என்றார். சொந்த வீடு கட்டிக் குடிவந்திருப்பவளிடம் அதைச் சொன்னார்.

பனியன் கம்பெனிக்காரரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க மாமா, கொழந்தைக்கு மூச்சு முட்டுதுங்க. மிஷினை வேற எங்கயாவது மாத்திக்க முடியுமுங்களா?"

"அம்மிணி, இந்த ஊர்ல பாதிப்பேரு பஞ்சத்தான் தின்னு வளர்றாங்க. நானே அப்படித்தான் வளர்ந்தேன், எனக்கென்ன கொறைச்சல்?" என்று மார்பைத் தட்டிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "கோவிச்சுக்காதீங்க. நானும் பணத்தைப் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கறேன். அஞ்சு வருஷத்துக்கு எங்க போவேன்?"

கெட்டவர் இல்லை. மறுநாளே எங்கள் பக்கக் கதவில் நல்ல கனமான சாக்குத் திரை மாட்டிக் கொடுத்தார். மகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆரஞ்சு வாங்கி வருவார். சாக்குத் திரையிலிருந்தும் தூசி கொட்டியது.

போக்கியத்தில் இன்னொரு பள்ளம் இருந்தது. நோட்டில் நான் அதை நன்மையின் பக்கத்தில் எழுதியிருந்தேன்: மாதாமாதம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டியதில்லை என்றால் சேர்த்து வைக்க வேண்டும். டாக்டருக்கும் மருந்துக்கும் போக எங்களிடம் எதுவும் சேரவில்லை. யாரும் வந்து கேட்காததால் கடன் இருப்பதே சில மாதங்கள் மறந்து போயிற்று. ஐந்து வருஷம் முடிந்தபோது வாங்கிய தொகை ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

பனியன் கம்பெனிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு மாத்தி எழுதிக்கலாமுங்க. இல்ல, ஊட்டையே எனக்குக் கிரயம் பண்ணிக் குடுத்தாலும் சரி, மேக்கொண்டு ஒரு தொகை தர்றேன்" என்றார். யோசிக்க ஒரு மாதம் கொடுத்தார்.

நான் யாரிடமும் சொல்லாமல் சங்கத்துக்குப் போனேன். அதே குமாஸ்தா, தலை கொஞ்சம் நரைத்திருந்தது. வீட்டு விவரத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "போக்கியம் இருக்குதுங்களா? அப்ப வில்லங்கம் காட்டுமுங்க. அதைத் தீர்த்துப்போட்டு வாங்க, பார்க்கலாம்." அதைத் தீர்க்கத்தான் பணம் வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிறிது நேரம் நின்றேன்.

மறுநாள் காலை மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார், "மறுக்காவும் மலைக்குப் போயிப் பூக் கேட்டுறலாம். நீட்டிக்கறதா, குடுத்துட்டுப் போறதான்னு" என்றார். அவருக்கு இதில் எந்தச் சஞ்சலமும் இல்லை. சாமி கொடுத்தது, சாமி எடுக்கிறது.

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் எடுக்க மாட்டேன் அப்பாரு" என்று தாத்தாவிடம் சொன்னாள். எட்டு வயது ஆகியிருந்தது. அவள் எடுத்த பூவில் வந்த வீடு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தோம்.

"ஏஞ்சாமி?"

"போன தடவ தப்பா எடுத்துட்டேன். செவப்ப எடுத்திருந்தா ஊடு போகாது. எனக்கும் இழுத்திருக்காது."

என் கையில் சோற்றுக் கரண்டி இருந்தது. அதைக் குண்டாவிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இனிமேலும் பேசாமல் இருந்தால் அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் தன் கையைத்தான் நினைப்பாள்.

"நீ தப்பா எடுக்கல கண்ணு. வழி மூணு இருந்துது. ரெண்டைத்தான் நான் கட்டி வெச்சேன். நல்லதா இருந்த ஒண்ணைக் கட்டவே இல்ல."

பிறகு இரண்டு மாதத்தை ஆறு மாதமாகச் சொன்னதையும் அப்பா வீட்டு வாசலில் அடித்த தமுக்கையும் சொன்னேன். வரிசையாகச் சொல்ல வரவில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பருத்தி இல்லாத மாசம் தவணை கட்ட முடியுமான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கையைக் கழுவினார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று மட்டும் வாசலில் நின்று போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை.

மாமனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ரெண்டா ஆக்கிட்டு வான்னு சொன்னது நாந்தானே" என்றார். எனக்குச் சொன்ன ஆறுதலாக அது தெரியவில்லை. தனக்குள் எதையோ சரிபார்ப்பது போல இருந்தது. அதன் பிறகு அவர் மலைக்குப் போகும் பேச்சை எடுக்கவேயில்லை.

மகள் மட்டும் என் பக்கத்தில் வந்து, "அந்த மூணாவதுக்கு என்ன பூம்மா வெச்சிருப்பே?" என்று கேட்டாள்.

"தெரியலையே கண்ணு" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. சங்கக் கடன் வாங்கியிருந்தால் வீடு நின்றிருக்குமா என்பதும் தெரியவில்லை. வீட்டுக்காரர் வேலை பார்த்த பாக்டரி இடையில் ஒரு வருஷம் மூடிக் கிடந்தது. அந்த வருஷத் தவணையை எதைக் கொண்டு கட்டியிருப்போம்? எங்கள் வாசலிலும் தமுக்கு வந்திருக்கலாம். நோட்டில் அந்தப் பக்கத்தை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். பார்க்கும் நாளைப் பொறுத்து ஒரு நாள் நன்மை கூடுகிறது, ஒரு நாள் பயம் கூடுகிறது.

கிரயமே பண்ணிக் கொடுத்தோம். குழந்தைக்காக என்று எல்லோரிடமும் சொன்னோம், அதுவும் உண்மைதான். ரிஜிஸ்டர் ஆபீஸில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், மாமனார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் பத்திரத்தைப் படிக்கக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நெருப்பெரிச்சல் என்ற ஊரில் வாடகைக்கு இருக்கிறோம். சுற்றிலும் சோளக்காடு. மகளுக்கு இழுப்பு மாதத்தில் ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது. குடிவருவதற்கு முன் வீட்டுக்காரம்மாவிடம் எதிரில் இருக்கும் காலியிடம் யாருடையது, அதில் என்ன வரப்போகிறது என்று மூன்று தடவை கேட்டேன். "அதெல்லாம் நமக்கெப்படிங்க தெரியும்?" என்றார்.

போன வாரம் அந்தக் காலியிடத்தில் இரண்டு வண்டிச் செங்கல் வந்து இறங்கியது. மகள் ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"ஊடுதானாம்மா. கேட்டுட்டேன்."

வண்டிக்காரருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அவளுக்குக் காற்று வேண்டுமே என்று மறுபடி திறந்து வைத்தேன்.