காக்கு கொடுத்த நீலச் சட்டைகள்

பழைய துணி கிடைத்தால் என் கை சும்மா இருக்காது. ஆகுர்டியில் இருந்தபோது, குக்கர் விசிலுக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே பை, தலையணை உறை என்று ஏதாவது தைத்துக்கொண்டே இருப்பேன்.

பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாவைக் காக்கு என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பேச்செல்லாம் ஹிந்தியில். கணவர் இறந்த சில மாதத்தில் அவர் சொந்த ஊருக்குக் கிளம்பினார். போகிற அவசரத்தில் கணவரின் ஃபேக்டரிச் சட்டைகள் இரண்டை என்னிடம் கொடுத்து, மராத்தியில் "டேவா" என்றார்.

"வச்சுக்கோங்க" என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். துணி நல்ல கெட்டி. வெட்டி, கால்மிதி தைத்து வாசலில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஊரிலிருந்து திரும்பி, எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஷர்ட்டைக் கொடு, பேட்டா. வீட்டில் இருந்தால் மருமகள் பழைய துணி என்று பாத்திரக்காரியிடம் போட்டுவிடுவாள் என்றுதான் உன்னிடம் கொடுத்தேன்."

அன்றைக்கு "டேவா" என்று அவர் சொன்னது "வச்சிருங்க".

நான் கீழே பார்த்தேன். அவரும் பார்த்தார். சட்டைப் பையில் அவரே போட்ட வெள்ளைத் தையல் அவர் காலடியில் இருந்தது. சட்டென்று காலை எடுத்தார். குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சட்டையை மடிப்பதுபோலவே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு மராத்தி தெரியவில்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஹிந்தி தெரிந்திருந்தது.