சேதி தெரியாத செடிகள்

சின்னராசா முழங்காலிட்டுத் தேயிலைச் செடியின் தூரைக் கத்தி நுனியால் சுரண்டுகிறார். வேர் தெரிந்ததும் போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறார். பட்டை சுத்தமாக இருந்தால், "பொழச்சுக்கிட்ட" என்று செடியிடம் சொல்லிவிட்டு மருந்தை ஊற்றுகிறார். சிவப்பு நூல் ஓடியிருந்தால், கடப்பாரை போன்ற அலவாங்கைப் போட்டு வேரோடு கிளப்பிவிடுகிறார்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேர்நோய்க்கு மருந்து ஊற்றுவது அவருடைய வேலை. சிவப்பு நூலாக ஓடும் இந்தப் பூஞ்சணம் மண்ணுக்குள்ளேயே வேர்விட்டு வேர் தாவும். மேலே செடி தளதளவென்று கொழுந்து விடும். திடீரென்று ஒரு காலையில் செத்து நிற்கும். காய்ந்த இலை ஒன்றுகூட உதிராது. யாரோ பிடித்து வைத்ததுபோல் அப்படியே தொங்கும். பனி மூடும்போது அந்த இடத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

நிலக்ஷி மட்டும் விதிவிலக்கு. வாளியில் வெள்ளை வெளேரென்று கரைந்திருக்கும் மருந்தைப் பார்த்து, "என்னண்ணே, பால் ஊத்துறீங்க? எந்தச் செடிக்குக் கருமாதி?" என்பாள்.

"பால் செத்ததுக்கு ஊத்துறது புள்ள. இது உசுரோட இருக்கிறதுக்கு. செத்தத எழுப்பாது. நல்ல வேரச் சுத்தி மண்ணுல ஊறி நின்னு, நூலு வர்ற வழிய மறிக்கும். அம்புட்டுத்தான்."

கிளப்பிய வேரை அவர் குழியில் போட்டு எரித்துவிடுவார். முந்தின வருஷ ஆனி மழையில் குழி எரியவில்லை. அடுப்புக்கு விறகில்லாமல் திண்டாடிய அவர் மனைவி மீனம்மா, அதிலிருந்து ஒரு கட்டு வேரைத் தூக்கி வந்தாள். வழியில், தோட்ட நிர்வாகம் அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த தேயிலை நிலத் துண்டில் இறக்கி வைத்து இளைப்பாறினாள். கட்டிலிருந்து உருண்ட வேரொன்று அங்கேயே மண்ணுக்குள் போயிற்று. குடும்பம் ஓடுவது அந்தத் துண்டை நம்பித்தான்.

இன்று அதன் நடுவில் ஒரு செடி, இலை உதிராமல் செத்து நிற்கிறது.

"வெறகுதானேன்னு எடுத்தேங்க" என்கிறாள் மீனம்மா.

சின்னராசா பக்கத்துச் செடியைச் சுரண்டுகிறார். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு.

"இது பச்சையாத்தானே நிக்குது? நேத்துக்கூடக் கொழுந்து எடுத்தேனே!"

"அதுக்கு இன்னும் சேதி தெரியல."

சுரண்டிக்கொண்டே போகிறார். துண்டின் ஓரத்தை நெருங்கும்போதுதான் சுத்தமான வேர் தென்படுகிறது. மருந்து இனி அங்கிருந்துதான். தானும் ஊற்றலாம் என்று மீனம்மா வாளியோடு அந்தப் பக்கம் கால் எடுத்து வைக்கப் போகிறாள்.

"நில்லு!"

அவள் காலடியில் குந்துகிறார். சேறு அப்பிய பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் சிவப்பு வேர்த் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறார்.