ஏரிக்குள் இறங்கிய ஊரும் எங்கள் பாசி எந்திரமும்

சில வருடங்களுக்கு முன்பு, பெரம்பலூரில் நான் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த கோடையில் நடந்தது இது. இடம், பூலாம்பாடிப் பக்கம் என் தோழியின் ஊர் ஏரி.

அவளும் நானும் இன்னொருத்தியுமாக நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து கடல்பாசி அறுக்கும் எந்திரம் ஒன்று செய்திருந்தோம். மிதப்பதற்கு இரண்டு பிவிசி குழாய், முன்னால் சுழலும் கத்தி, பின்னால் வலைப்பை, அவ்வளவுதான். மேலே ஒரு சின்ன ட்ரோன் பறந்து பாசி எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று காட்டும். எந்திரம் அங்கே போய், அடியை விட்டுவிட்டு நுனியை மட்டும் அறுத்து வரும். அப்போதுதான் மறுபடி வளரும். உரத்துக்கும் மருந்துக்கும் ஐஸ்கிரீமுக்கும்கூடக் கடல்பாசி போகிறது என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்போம். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களில் இரண்டு பேர் அதுவரை கடலையே பார்த்ததில்லை. அதில் நானும் ஒருத்தி.

ஏரிக்குப் போனதற்கு மறுநாள் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரையில் எந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குமுன் ஒரு தடவையாவது நிஜப் பாசியில் ஓட்டிப் பார்த்துவிட ஆசை. எங்களுக்குத் தெரிந்து அந்த ஏரியில்தான் இன்னும் தண்ணீர் கிடந்தது, வேலம்பாசி என்ற நன்னீர்ப் பாசியும் மண்டிக் கிடந்தது. ஆனால் அன்றைக்கென்று பார்த்து அங்கே மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றும் சமயத்தில் ஒரு நாள், சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் வலையும் ஊத்தாவுமாகக் கரையில் வந்து நிற்கும். ஊத்தா என்பது அடி அகலமாகவும் மேல்வாய் குறுகலாகவும் இருக்கும் கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேலே இருந்து கையை விட்டு எடுப்பார்கள். நாட்டாமை வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

தயங்கித் தயங்கி நாட்டாமையிடம் கேட்டோம். அவர் எந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பாசி காலைச் சுத்துதுன்னு பொம்பளைங்க சொல்லிக்கிட்டு இருக்காங்க. சனம் எறங்குறதுக்குள்ள அள்ளிப் போட்டுட்டு ஓடிருங்கம்மா" என்றார்.

எந்திரத்தை இறக்கினோம். கத்தி சுற்றியது, பாசி பைக்குள் போனது, நாங்கள் மூவரும் கரையிலேயே குதித்தோம். ஒரே சிக்கல், வெயில் கூச்சத்தில் மேலே பறக்கும் ட்ரோன் கண்ணுக்கே தெரியவில்லை. என் தோழிக்கு ஒரு யோசனை வந்தது. தன் வெள்ளைத் துப்பட்டாவில் ஒரு முழம் கிழித்து, நூலில் கட்டி, ட்ரோனுக்கு அடியில் தொங்கவிட்டாள். அடடா, என்ன மூளை என்று அவளை மெச்சியதும் நான்தான்.

ட்ரோன் கரைக்கு மேலே எழும்பியது. காற்றில் வெள்ளைத் துணி படபடவென்று விரிந்தது.

"ஓ"வென்று ஒரு சத்தம். என்ன ஏது என்று புரிவதற்குள் மொத்தக் கரையும் ஏரிக்குள் இறங்கிவிட்டது!

எனக்கு உயிரே போய்விட்டது. எந்திரம் ஏரியின் நடுவில் இருக்கிறது, கத்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. ரிமோட்டில் நிறுத்தும் பட்டனை அழுத்தினேன், மறுபடி மறுபடி அழுத்தினேன். சிக்னல் போய்ச் சேர்ந்ததா இல்லையா, தெரியவில்லை. கூட்டத்தில் எந்திரமே கண்ணில் படவில்லை. "கத்தி இருக்கு, கத்தி இருக்கு" என்று கத்திக்கொண்டே சுடிதாரோடு தண்ணீரில் பாய்ந்தேன். அந்த ஆரவாரத்தில் யார் காதில் விழும்?

இடுப்பளவு தண்ணீரில் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு அக்காவின் குரல் கேட்டது.

"ஏ, காலுல பெருசா இடிக்குதுடி! விராலுதான்!"

சொல்லிக்கொண்டே ஊத்தாவைக் குத்தி, உள்ளே கையை விட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இது என்னடி, குழாயால்ல இருக்கு?"

கண்ணைத் திறந்தேன். பாசியின் கனத்தில் பாதி மூழ்கிக் கிடந்த எந்திரத்தை அவர் ஒரு கையால் பிடித்திருந்தார். கத்தி நின்றிருந்தது. விரல்கள் ஐந்தும் முழுசாக இருந்தன. அந்த ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மிசினு ஒடையலம்மா, அழுவாத" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

நாலைந்து பேர் எந்திரத்தைத் தலைக்குமேல் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பையைக் கவிழ்த்தால் பாசியோடு கெண்டைகளும், கை நீளத்துக்கு ஒரு விராலும் துள்ளின. விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஊத்தாவுல வுழுந்தது ஊத்தாக்காரிக்குத்தான். மிசினு எனக்கு."

அதுவும் ஊர்க் கட்டுப்பாடாம்! பஞ்சாயத்து நாட்டாமையிடம் போனது. அவர் வீசாத துண்டு இன்னும் தோளிலேயே கிடந்தது. திட்டப்போகிறார் என்றே நாங்கள் நினைத்தோம். அவரோ மேலே பறந்த துப்பட்டாத் துண்டை ஒரு பார்வை பார்த்தார்.

"நம்ம வேலையையும் மிசினு பாத்துருச்சு" என்று சிரித்துவிட்டு, "மிசினு புள்ளைங்களுக்கு, அது புடிச்ச மீனு ஒனக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு, ஊரே தண்ணீரில் நிற்க, முறை தவறக் கூடாதென்று துண்டை எடுத்து மூன்று சுற்று வீசினார். ஏரிக்குள்ளிருந்து எழுந்த கைதட்டலை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த அக்கா எங்களைச் சும்மா விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்த விராலையே குழம்பு வைத்துப் போட்டார். மறுநாள் எந்திரம் கடலில் அழகாக ஓடியது, கொஞ்சம் கெண்டை வாடையோடு.

அங்கே கரையில், பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் பெண்கள் நின்றிருந்தார்கள். எங்கள் திட்டத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்திரத்தை இறக்கும் முன் நான் அவர்களிடம் போய், "நீங்க எந்தப் பக்கம் இறங்குவீங்க, எப்ப இறங்குவீங்க அக்கா?" என்று கேட்டேன். அவர்கள் கைகாட்டிய பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் ஓட்டினோம்.

இப்போது பாசி எந்திரம் ஓட்டுவதே என் வேலை. எந்தக் கரைக்குப் போனாலும் பாசி எங்கே இருக்கிறது என்று ட்ரோன் தேடும் முன்பு, அந்தத் தண்ணீரில் யார் கை இருக்கிறது என்று நான் தேடிவிடுகிறேன்.