அப்பா ஜாவாவில் வேலி அடைத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் சொன்ன செய்தியால் வந்த பயம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை. சிட்னியில், லிட்கமில் இருக்கும் வாடகை ஃபிளாட்டை விட்டுவிட்டு, ஜாவாத் தீவில் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் போய் இருக்கப்போகிறாளாம். வேலையை அங்கிருந்தே லாப்டாப்பில் பார்க்கலாமாம். பழைய மரவீடு ஒன்றும் பேசி முடித்துவிட்டாளாம். அந்தப் பக்கத்தில் நிலம் இல்லாமல் வீட்டை மட்டும் தனியாக வாங்கலாம். பலகை பலகையாகக் கழற்றி, லொறியில் ஏற்றிக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். இவள் பூட்டப்போகிற இடம் அங்கே இருக்கும் எங்கள் காணி.

பாம்பு இருக்குமா என்று முதலில் கேட்டேன். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பிறகு கேட்டேன். மூன்றாவது கேள்வி எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது.

"காணிக்கு வேலி இருக்கோ பிள்ளை?"

"வேலியா? வாட் ஃபோர், அம்மா?"

அவள் சிரித்துக்கொண்டே வேறு கதைக்குப் போய்விட்டாள். அந்தக் காணிக்கு ஒரு காலத்தில் வேலி இருந்தது, அதை என் அப்பா அடைப்பித்தார், அதனால் அந்தக் காணியே கிட்டத்தட்ட கைவிட்டுப் போகப் பார்த்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பயத்துக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிருக்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஹோம்புஷில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஃபிளாட்டில் இரண்டாம் மாடியில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு இருந்த வீடும் வளவும் சண்டைக்குள் அகப்பட்டு இல்லாமல் போய்விட்டன. சிட்னியில் அவருக்கு இருந்த ஒரே பயிர் பல்கனியில் ஒரு சாடிக் கறிவேப்பிலை. யாராவது வீட்டுக்கு வந்தால், "வாங்கோ, என்ரை வளவைக் காட்டுறன்" என்று அதைத்தான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

அப்பாவின் தம்பி வேலை விஷயமாக ஜகார்த்தாவுக்குப் போனவர், திரும்பி வரும்போது சித்தியோடு வந்தார். சித்தி ஜாவாக்காரி. சித்தப்பாவிடம் தமிழ் படித்ததால் அவரைப் போலவே யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கீழே விழாமல் பிடித்துப் பிடித்து வைப்பதுபோல மெதுவாகப் பேசுவார். ஒருநாள் தன் ஊர்ப் படங்களைக் காட்டினார். மலை, வயல், மசூதி எல்லாவற்றையும் அப்பா மரியாதைக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு படத்தில் ஒரு பலாமரம் அடியில் காய்த்திருந்தது. அந்தப் படத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த டிசம்பர் விடுமுறைக்கு எல்லோரும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். படத்தில் இருந்த பலாமரம் சித்தியின் தாய்மாமனுடைய காணியில் நின்றது. அவரை ஊரே பாக்டே, அதாவது பெரியப்பா, என்று அழைத்தது. எங்களுக்கும் அவர் பாக்டேதான். உயரமான, அதிகம் பேசாத மனிதர். காணியை விற்கச் சம்மதித்தார். வெளிநாட்டார் பெயரில் அங்கே நிலம் எழுத முடியாது என்பதால் உறுதிப் பத்திரம் சித்தியின் பெயரில் எழுதுவதென்றும், அடுத்த கிழமை ஊர்த் தலைவர் முன்னால் கையெழுத்து வைப்பதென்றும் முடிவானது. சர்க்கரைப் பாகு போன்ற தேநீரைக் குடித்து, எல்லோரும் எல்லோருக்கும் தலைகுனிந்தோம். அன்றிரவு அப்பா நித்திரையில் சிரித்தார் என்று அம்மா சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பா யாழ்ப்பாணத்தவர்.

"காணி எண்டால் முதல் வேலி வேணும்" என்றார். "வேலி இல்லாட்டி அது காணியில்லை, வெறுந்தரை."

அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் வேலி கிடையாது. ஒரு முற்றம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அங்கே கோழிகளுக்குக்கூடத் தெரியாது. சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு அப்பாவிடம், "அத்தானுக்குக் கட்டாயம் வேணுமோ?" என்று கேட்டார். அத்தானுக்குக் கட்டாயம் வேணும். சித்தி போய்ச் சொன்னார். பாக்டே சிரித்துத் தலையசைத்தார்.

மறுநாள் விடிய முப்பது பேர் கத்தியும் கயிறுமாக வந்து நின்றார்கள். மூங்கில்கூட அவரவர் தோட்டத்தில் வெட்டியது. பெண்கள் வாழையிலையில் சோறும் பொரியலும் கட்டிக் கொண்டுவந்தார்கள். அப்பா நூல் பிடித்துக் காட்ட, பாட்டும் பகிடியுமாகப் பின்னேரத்துக்குள் நாலு பக்கமும் வேலி எழும்பிவிட்டது. வீதிப் பக்கம் ஒரு படலைக் கதவும் வைத்து, அதை அப்பாவே கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பாக்டே வேலியின் முழு நீளத்துக்கும் நடந்து, மூங்கிலைத் தடவிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"நல்ல வடிவான வேலியாம்" என்றார் சித்தி. கொஞ்சம் பொறுத்து, "சரியான நேராம்" என்றார்.

அப்பாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "பாத்தியே சனத்தை! எங்கடை ஊரிலை வேலி அடைக்கிறதெண்டால் முதல் பொலிசுக்கெல்லோ அறிவிக்கவேணும்."

"உங்கடை ஐயா நாலு விரல் காணிக்குப் பதினொரு வருஷம் வழக்குப் பேசிக் கோடேறினவர்" என்றார் அம்மா. "இந்தச் சனத்துக்கு அந்தக் கதையைச் சொல்லிப்போடாதேங்கோ. பயந்துபோயிடும்."

காணிக்கு எதிரே பாக்டே எங்களுக்கு ஒதுக்கித் தந்த சின்ன வீட்டில் இருந்தோம். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்தப் பலாமரத்தின் கீழால் ஊரே போய்வரும். பெண்கள் வாளியோடு பின்பக்கத்து ஊற்றுக்குப் போவார்கள். கிழவர்கள் தொழுகைக்குப் போவார்கள். ஒருவர் நீளத் தடியோடு நாற்பது தாரா வாத்துகளை ஓட்டிக்கொண்டு போவார். எல்லோரும் எங்களைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள், நாங்களும் விளங்காமல் ஏதாவது சொல்வோம். வேலி வந்த மறுநாள் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அப்பா விறாந்தையில் தேநீரோடு உட்கார்ந்து, "இப்பதான் காணி காணி மாதிரி இருக்கு" என்றார்.

கையெழுத்து வைக்கும் நாள் வந்தது. ஊர்த் தலைவருக்குக் காய்ச்சலாம். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது நாள் சரியில்லையாம். அவர்களுக்கு ஏழு நாள் கிழமையோடு ஐந்து நாள் கிழமை ஒன்றும் உண்டு, இரண்டும் பொருந்த வேண்டும். "அட, எங்கடை பஞ்சாங்கம்தான்" என்று அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட. பிறகு மறுபடி காய்ச்சல். எங்களுக்கு ஞாயிறு விமானம். புதன்கிழமை வந்தபோது அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வேலிக்குள்ளே போய்ப் பலாமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அந்த வயதில் நான் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. இந்தக் காணியும் போய்விடுமோ என்று அவர் அம்மாவிடம் கேட்டது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. சித்தப்பாவோ யார் எதைக் கேட்டாலும் பூப்பந்து மட்டையை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விடுவார்.

சித்தி இப்போது அந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். மகளின் செய்தி வந்த பதற்றத்தில் இந்தக் கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாலு தரம் சொன்ன பிறகு, இதையும் கேட்டேன்: அன்றைக்கே வேலி வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?

"விருந்துக்கு வந்தவர் ஆசையாக் கேட்டால் இல்லை எண்டு சொல்லுறதோ?" என்றார் சித்தி. "செய்து குடுப்பம். பிறகு பேசாமல் சுத்திப் போவம். ஆருக்காவது விளங்கும்தானே."

விளங்கியது அம்மாவுக்கு. அதற்கும் நான்தான் காரணம், எனக்குத் தெரியாமலே.

வியாழன் காலை தூறலில் வயல் பக்கம் நின்று தாராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்டேயின் மனைவி இரண்டு கைகளிலும் தண்ணீர் வாளியோடு, வழுக்கும் வயல் வரம்பில் வந்துகொண்டிருந்தார். கால் சறுக்கியது. இடுப்பளவு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வாளி மிதந்து போனது, தாராக்கள் நாலு திசைக்கும் பறந்தன. அவர் என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தார். நானும் வயிறு நோகச் சிரித்தேன்.

காலைச் சாப்பாட்டில் அதை முழுதாக நடித்துக் காட்டினேன், தாராக்கள் உட்பட. அப்பாகூடக் கவலையை மறந்து சிரித்தார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அவ ஏன் வரம்பாலை வந்தவ?" என்று கேட்டார்.

சித்தப்பா மட்டையைத் தேடினார்.

அப்பா சிட்னியிலிருந்து கொண்டுவந்த யூகலிப்டஸ் எண்ணெய்ப் போத்தலை ஊர்த் தலைவரின் காய்ச்சலுக்கு என்று எடுத்துக்கொண்டு, சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். அவர்கள் தலை மறைந்ததும் அம்மா குசினிக் கத்தியை எடுத்தார். என்னிடம் குடையைத் தந்தார். முதலில் படலையின் கயிற்றை அறுத்து, அதைத் திறந்தே விட்டார். பிறகு ஊற்றுப் பக்கத்து வேலிக்குப் போய், கட்டுகளை அறுத்து, மேலே குறுக்காகக் கட்டிய வரிச்சுத் தடியை விட்டுவிட்டு நடுவில் ஆறேழு மூங்கில் பிளாச்சுகளை வெட்டி இழுத்தார். மழையில் சேலை நனைந்து, மூங்கில் கையைக் கீறி, அம்மா அவ்வளவு உற்சாகமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"பொட்டு வைக்கிறன். பக்கத்து வளவுக்குப் போய்வர வேலியிலை விடுற ஓட்டை. ஊரிலை எந்த வேலி பொட்டில்லாமல் இருந்தது? எங்கடை அம்மா அதுக்குள்ளாலைதான் உப்புக் கடன் வாங்கினவ. கொப்பருக்கு வேலி ஞாபகம் இருக்கு, பொட்டு மறந்துபோச்சு." பிறகு என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். "அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. என்ன?"

அம்மா எனக்குத் தந்த முதல் இரகசியம் அது.

வெள்ளி விடிந்ததும் விறாந்தையில் காவல் இருந்தேன். பாக்டேயின் மனைவிதான் முதலில் வந்தார். பொட்டுக்கு முன்னால் நின்று பார்த்தார். வாளிகளை முதலில் உள்ளே தள்ளி, பிறகு தானும் குனிந்து வந்து, பலாமரத்தின் கீழால் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டு போனார். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். பிறகு ஒரு கிழவர். பிறகு தாராக்கள், நாற்பதும், வரிசையாக.

அப்பா என் பக்கத்தில் தேநீரோடு இருந்தார். எனக்கு உயிர் போய் வந்தது. நல்ல காலம், அவர் சட்டென்று அங்கே கிடந்த பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். அது அந்த ஊர் மொழிப் பத்திரிகை. அவ்வளவு கவனமாக அவர் எந்தப் பத்திரிகையையும் வாசித்ததில்லை. தாராக்கள் முழுதும் போய் முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாக்டே வந்தார். அந்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட நாலாக மடிந்துதான் பொட்டுக்குள்ளால் வர வேண்டியிருந்தது. விறாந்தையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார், கராம்பு பூத்திருப்பதைப் பற்றிப் பேசினார். தேநீரை முடித்து எழும்பும்போதுதான், ஊர்த் தலைவருக்குச் சுகமாகிவிட்டது, இன்றைக்குத் தொழுகைக்குப் பிறகு நல்ல நேரம், இரண்டு கிழமையும் பொருந்துகிறது என்றார்.

"பாத்தியே, யூகலிப்டஸ் எண்ணெயின்ரை வேலையை!" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"வேறையென்ன" என்றார் அம்மா.

ஊர்த் தலைவர் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரியே இல்லை, கன்னம் பளபளவென்று இருந்தது. நாலு எல்லைக்கும் நாலு அயலவர்கள் சாட்சிக்கு வந்து கைநாட்டு வைத்தார்கள். பாக்டே வைத்தார், சித்தி வைத்தார். அப்பா கையெழுத்துப் போட அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. சித்தியின் கதிரைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்ததும், மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடி போட்டு, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி வைத்தார். கண் கலங்கியிருந்தது. காய்ச்சல் இப்போது அப்பாவுக்குத் தொற்றிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம், பெட்டி அடுக்கும் நேரத்தில், அப்பா கத்தியும் கயிறுமாக ஊற்றுப் பக்கத்து வேலியில் குந்தியிருந்ததைக் கண்டேன். அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, பொட்டை அடைக்கப் போறார்!"

"அவர் என்னவோ செய்யட்டும். உன்ரை சப்பாத்தைக் கொண்டு வா."

அவர் போன பிறகு போய்ப் பார்த்தேன். பொட்டு அப்படியேதான் இருந்தது. வெட்டின மூங்கில் நுனிகள் ஒவ்வொன்றிலும் கயிறு சுற்றியிருந்தது, தடவினால் கையில் கீறாது. மேல் வரிச்சு முன்பைவிட இரண்டு முழம் உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. அவ்வளவு நேரம் அதன் முன்னாலேயே குந்தியிருந்து வேலியைப் பலப்படுத்தியவர், நடுவில் இருந்த ஓட்டையைக் கவனிக்கவில்லையே என்று எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானம் மேலே எழும்பியதும் அம்மாவின் காதுக்குள் சொன்னேன்: "அப்பா கடைசிவரை கண்டுபிடிக்கேல்லை."

அம்மா என்னைத் தாண்டி, ஜன்னலோரம் வாயைத் திறந்தபடி நித்திரையாயிருந்த அப்பாவைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. பாவம், நீயும் சொல்லிப்போடாதை."

சத்தியம் செய்து கொடுத்தேன். அவ்வளவு பெரிய ஆளிடமிருந்து அவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துவிட்ட பெருமையில், சிட்னி வந்து சேரும்வரை எனக்கு ஒரு பொட்டு நித்திரை வரவில்லை.